குடுமியான்மலையும் கூட்டு விளையாட்டும்

‘லிட்டில் அல்கெமி’ என்றொரு கணினி விளையாட்டு 2010-இல் வந்தது. தொடக்கத்தில் கையில் கிடைப்பவை நான்கே பொருள்கள்: நிலம், நீர், தீ, காற்று. நிலத்தோடு நீரைச் சேர்த்தால் சேறு, சேற்றோடு தீயைச் சேர்த்தால் செங்கல். எதிராளியும் இல்லை, நேரக் கெடுவும் இல்லை. நான்கை இரண்டிரண்டாகச் சேர்த்தால், தன்னோடு தான் சேர்வதையும் கணக்கிட்டு, பத்து வழிகள்தான் உண்டு. ஆனால் பிறந்த ஒவ்வொன்றும் அடுத்த சேர்க்கைக்கு மூலப்பொருளாகிவிடுவதால், 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பின் பட்டியல் 720 வரை நீள்கிறது. பெரியவர்கள்கூட இதில் ஆழ்ந்துபோவதற்குப் பொழுது போகாததே காரணம் என்றால் அது அரைகுறைப் பதில். கொஞ்சம் பொருளை வைத்துக்கொண்டு வற்றாத வகைகளைக் காண வேண்டும் என்பது மிகப் பழைய ஆசை. அதற்கான சான்று நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறையிலேயே இருக்கிறது.

குடுமியான்மலை சிகாநாதசாமி கோயிலுக்குப் போகிறவர்கள் மேலைக்கோயில் என்ற குடைவரையின் பக்கத்துப் பாறைச்சரிவைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்கள் கருதும் இசைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. இதன் இசைப்பகுதியில் பாட்டு இல்லை, சாகித்தியம் இல்லை, சுரங்கள் மட்டுமே. ஏழு இராகங்களுக்கு ஏழு பகுதிகள். எல்லாச் சுரங்களும் நான்கு நான்காகக் கட்டப்பட்டு நிற்கின்றன. அதிலும் ர, ரி, ரு, ரெ என ஒரே சுரம் உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஏழு சுரங்களை நான்கு இடங்களில் தடையின்றி வைத்தால் 2401 வரிசைகள் கிடைக்கும். உயிரெழுத்து வேறுபாட்டையும் சேர்த்தால் அந்தக் கணக்கு எங்கோ போய்விடும். பாறையில் வெட்டியவர் எல்லாவற்றையும் வெட்டவில்லை. அந்தந்த இராகத்துக்கு ஒத்துவருவதைப் பொறுக்கி எடுத்திருக்கிறார். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர் நலனுக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தான் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. அதை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பொறுக்கல்தான். எல்லாச் சேர்க்கையும் செல்லாது என்ற கட்டு இருப்பதால்தான் செல்லுகிற ஒன்று கிடைக்கும்போது மனம் துள்ளுகிறது.

விளையாட்டுக்கும் இதுவே உயிர். இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒன்றும் நடக்காமல் போகும் தருணங்கள் இல்லையென்றால் செங்கல் பிறப்பதில் சுவை ஏது? 2024-இல் வந்த ‘இன்ஃபினிட் கிராஃப்ட்’ விளையாட்டோ ஏறக்குறைய எதை எதோடு சேர்த்தாலும் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு ஒரு விடை தந்துவிடுகிறது. முதலில் அது பெரும் வியப்பு. ஆனால் எதைப் போட்டாலும் ஏதோ வரும் என்று தெரிந்தபின், ஊகிப்பதற்கான காரணம் குறைந்துவிடுகிறது.

விரலால் திரையைத் தேய்ப்பதையும் இசைப் பயிற்சியையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சுரக்கோவையைக் கற்பவர் அதைத் தொண்டையிலோ நரம்பிலோ வரவழைத்தாக வேண்டும். அந்த உழைப்பால் காது கூர்மையடைகிறது. விளையாட்டு அப்படி எதையும் கேட்பதில்லை, அதனால் அது தருவதும் குறைவுதான். இந்த ஏற்றத்தாழ்வை நான் மறுக்கவில்லை. விடைகளை யாரோ முன்பே எழுதி வைத்துவிட்டார்களே, இதில் நாம் கண்டுபிடிப்பது என்ன என்பது இன்னொரு மறுப்பு. அது கல்வெட்டுக்கும் பொருந்தும். அங்கும் சேர்க்கைகள் முன்பே வெட்டப்பட்டவைதான். கற்கிறவருக்கு அவை ஒவ்வொன்றும் முதல்முறை கேட்கும் புதுச் சுரக்கட்டு. ஒருவர் முன்பே அறிந்திருந்தார் என்பதால் மற்றவரின் வியப்பு பொய்யாகிவிடாது. ஆகவே இந்த விளையாட்டில் மூழ்கும் பிள்ளையைக் கடிந்துகொள்வதைவிட, அதே ஆசையை இன்னும் அதிகம் தரும் இடத்துக்குத் திருப்பலாம். இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர்களை ஒருமுறை குடுமியான்மலைக்கு அழைத்துப்போய், அந்த நான்கு நான்கு சுரங்களை அங்கேயே பாடிப்பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.