எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு: சாப்பாடு, நோன்பு, ஷிப்ட் வேலை

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைய பேச்சை நம் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நம் சகோதரர் ஒருவர் ஒரகடத்தில் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. எடை 138 கிலோ. பத்து வருடச் சர்க்கரை. இரவில் மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவார், பகலில் கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே தூங்குவார். எடை குறைப்பு அறுவை தேவை என்று சென்னை மருத்துவர்கள் சொன்னார்கள். நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிக் கொடுத்தோம். எட்டு மாதத்தில் நாற்பது கிலோ குறைந்து வந்து நின்றார். படம் எடுத்து இதே இதழில் போட்டோம். கோப்பை மூடிவிட்டோம்.

ஆறு மாதம் கழித்து அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்குக் கால் மரத்துப்போகிறது, படியில் தடுக்கி விழுகிறார், வேலைக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை என்றார். ரத்தம் சோதித்ததில் வைட்டமின் பி12 மிகக் குறைவு, இரும்புச் சத்தும் குறைவு. அறுவைக்குப் பின் கொடுத்த சத்து மாத்திரைகளை அவர் நாலாவது மாதமே நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டோம். "எடைதான் குறைஞ்சிடுச்சே பாய், மாசா மாசம் மாத்திரைக்குக் காசு எங்க போறது?" என்றார். லட்சக்கணக்கில் கொடுத்த நாம், மாதத்துக்குச் சில நூறு ரூபாய் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஊசி போட்டு இப்போது தேறிவருகிறார். ஆனால் கால் விரல்களில் மரமரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். இவர்கள் எல்லாருக்கும் அறுவை தேவையில்லை. ஆனால் தேவைப்படுகிறவர்கள் நம் மஹல்லாவிலும் கூடிவருகிறார்கள். அதனால்தான் இந்தக் கூட்டம்.

முதலில் அறுவை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி ஒரு குழாய்போல நிற்கும். அதில் முதலில் 100 முதல் 150 மில்லிதான் பிடிக்கும், நம் டீக்கடைக் கண்ணாடி கிளாஸை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இன்னொன்று 'பைபாஸ்'. இந்தப் பேரைக் கேட்டதும் நம் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது இதய பைபாஸ் இல்லை. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை அமைத்து, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி அதை நேரே இணைப்பது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் 1966இல் இந்த வழியைத் தொடங்கினார். நம் நாட்டில் நிதின் கட்கரி, அருண் ஜெட்லி போன்ற தலைவர்கள் எடை குறைப்பு அறுவை செய்துகொண்ட செய்தி வந்த பிறகு எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஆகிவிட்டது. அவர்கள் வீட்டில் சமைத்துப் போட ஆள் இருப்பார்கள். நம் ஆளுக்கு இருப்பது கேண்டீன்.

அறுவை முடிந்த முதல் ஓரிரு வாரம் நீராகாரம் மட்டும். பிறகு மசித்த உணவு, பிறகு குழைந்த உணவு. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஒவ்வொரு மருத்துவமனையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லும். உங்கள் மருத்துவர் தந்த தாளைத்தான் பின்பற்ற வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தந்த தாளை அல்ல. இந்தக் கட்டத்தில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் மூன்றாம் மாதத்திலிருந்துதான் தவறுகிறார்கள்.

ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சின்ன வயிற்றில் சோற்றுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பாருங்கள். ஆகவே தட்டில் முதலில் கை போக வேண்டியது முட்டை, மீன், கோழி, பயறு, தயிர். அடுத்து காய். வயிறு இடம் கொடுத்தால் கடைசியில் சோறு. நம் பழக்கம் தலைகீழ். சோற்றைக் குவித்து, கறித்துண்டை கடைசிக்கு ஒதுக்கி வைப்பவர்கள் நாம். ஒரு வாய்க்கு இருபது முறையாவது மெல்ல வேண்டும். பரோட்டா, குழைந்த சோறு, நார் நாரான ஆட்டுக்கறி எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி இடைவெளி விட வேண்டும். மற்ற நேரத்தில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைக் கேண்டீனில் எப்படிச் செய்வது? அரை மணி இடைவேளையில் வரிசையில் நிற்பதற்கே பத்து நிமிடம் போய்விடும். மிச்ச நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். இந்த உடம்புக்கு அது ஆகாது. வீட்டிலிருந்து சின்ன டிபன் பாக்ஸ் எடுத்துப் போங்கள், வரிசை நேரம் மிச்சம். கம்பெனி மருத்துவ அறையில் அறுவை விவரத்தைச் சொல்லி, இடையில் ஒரு முறை சாப்பிடப் பத்து நிமிடம் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள் சொல்லப் பயப்படுகிறார்கள், அது எங்களுக்கும் தெரியும். கடிதம் எழுத, கூட வந்து பேச அறக்கட்டளை தயார். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், விழித்த நேரத்தைக் காலையாக வைத்து ஐந்தாறு சின்ன வேளைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் கண் விழிக்க இனிப்பு டீயும் பிஸ்கட்டும் மிக்சரும் என்று போனால் எடை திரும்ப ஏறும். அவை வயிற்றை நிறைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

இனிப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு, பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம். பிரெட் அல்வா, ரோஸ்மில்க் போன்றவை வேகமாகக் குடலில் இறங்கியதும் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், தலைச்சுற்றல் வரும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். வலீமா வீட்டில் "ரெண்டு வாய் சாப்பிடுங்க பாய், எங்களுக்காக" என்று தட்டில் தள்ளுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். விருந்தோம்பல் சுன்னத்துதான். ஆனால் ஒருவர் போதும் என்றால் கையை எடுத்துவிடுங்கள். அவருடைய தட்டைப் பார்த்துக் கேலி பேசுகிறவர்களையும் தடுத்து நிறுத்துங்கள்.

நோன்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அறுவை செய்து முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை நோன்பு வேண்டாம் என்றே பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையிலான சில மணி நேரத்தில், டீ கிளாஸ் அளவு வயிற்றில் அவ்வளவு தண்ணீரும் புரதமும் மாத்திரையும் போகாது என்பதே காரணம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தந்திருக்கும் சலுகையை நாம் எல்லாரும் ஓதியிருக்கிறோம். பிறகு களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை மருத்துவர் எழுதித் தந்த தாளோடு போய் இமாமிடம் கேளுங்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று ஸஹருக்கு எழுந்து நோன்பு வைத்து, நீர் வற்றி, ஆஸ்பத்திரியில் படுத்தவரை நாங்கள் போய்ப் பார்த்திருக்கிறோம். மருத்துவர் அனுமதித்த பிறகு நோன்பு வைப்பவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தோடு திறந்து, சற்று நிறுத்தி, கஞ்சியைக் கொஞ்சமாக எடுங்கள். சமோசாவும் சர்பத்தும் வேண்டாம். ஸஹரைத் தவற விடாதீர்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறோம், நாங்கள் தவறிய இடம் அது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பல சத்து மாத்திரை ஆகியவை வாழ்நாள் முழுக்கத் தேவை. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி இடைவெளி வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தவர்களுக்கு பி12 முன்பே குறைந்திருக்கலாம். நம் சகோதரருக்கும் அப்படித்தான். காப்ஸ்யூலின் ஜெலட்டினில் சந்தேகம் என்று ஒரு தம்பி மருந்தையே நிறுத்திவிட்டார். மாத்திரை வடிவிலோ மெல்லும் வடிவிலோ கேட்டால் கிடைக்கும், நிறுத்தத் தேவையில்லை. இன்னொன்று, சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவு அறுவைக்குப் பின் குறைய வேண்டியிருக்கும். பழைய சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள், சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். முதுகு வலிக்கிறது என்று டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடும் பழக்கம் லைனில் நிற்பவர்களிடம் நிறைய. இனி அதுவும் கூடாது, வயிற்றில் புண் வரும்.

வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்கவில்லையென்றால் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வைட்டமின் பி1 வற்றி நரம்பையும் மூளையையும் தாக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "எடை குறைப்பு அறுவை ஆனவர், பி1 கொடுக்க வேண்டுமா?" என்று குளுக்கோஸ் ஏற்றும் முன்பே கேளுங்கள். அறுவை முடிந்த முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, நெஞ்சு வேகமாக அடித்தல் வந்தால் அன்றே போக வேண்டும். நள்ளிரவானாலும் அறக்கட்டளை ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள்.

உடற்பயிற்சிக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். அறுவை அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள், அதை விடாமல் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். எட்டு மணி நேரம் லைனில் நிற்பது நடை ஆகாது. நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. பிறகு மருத்துவரைக் கேட்டு, தசை கரையாமலிருக்கக் கை கால்களுக்கு வேலை தரும் பயிற்சிகளைச் சேர்க்கலாம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருட்டில் நடக்காதீர்கள், கன்டெய்னர் லாரிகளுக்கு உங்களைத் தெரியாது. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு வண்டியில்லாமல் வந்தாலே பாதி நடை ஆகிவிடும். குனிய வலித்தால் சில வாரம் நாற்காலியில் தொழுங்கள். பெண்களுக்கு நடக்க இடமில்லை என்ற குறை உண்மை. மதரஸா மைதானத்தைத் தினமும் ஃபஜ்ருக்குப் பின் ஏழு மணி வரை பெண்களுக்கு மட்டும் திறந்துவிட முடிவு செய்திருக்கிறோம்.

பெண்களைப் பற்றி இன்னொன்று, பெற்றோர் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எடையைப் பேசினார்கள் என்று மகளுக்கு அவசரமாக அறுவை செய்துவிட்டு, மூன்றாம் மாதம் நிக்காஹ் வைக்கிறார்கள். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும், இல்லையென்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் சத்துக் குறையும். மாமியார் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்கத் தொடங்கியபின் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? அறுவை நடந்ததையே மறைத்து நடந்த கல்யாணம் எங்கள் காதுக்கு வந்திருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதைக்கூட யாரும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

செலவு விஷயம். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை செய்கிறார்கள், தனியாருக்கு ஓடும் முன் அங்கே கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிவாசகப்படி, பி.எம்.ஐ. 40 இருந்தாலோ, 35 இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, அடங்காத சர்க்கரை போன்றவை சேர்ந்தாலோதான் பாலிசியில் கேட்க முடியும். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு, சந்தாத் தகுதி இருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. சான்றிதழை விடாமல் வாங்கி வையுங்கள்.

இனி இந்த அறுவைக்கு உதவி கேட்டு வரும் கோப்பில் அறுவைத் தொகையோடு இரண்டு ஆண்டு மாத்திரைச் செலவும், ரத்தப் பரிசோதனைச் செலவும் சேர்த்தே எழுதப்படும். அதற்குப் பணமில்லையென்றால் முதல் தொகையையும் கொடுக்கப்போவதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. ஏற்கெனவே அறுவை ஆனவர்கள், எங்கள் உதவியில் செய்துகொண்டாலும் இல்லாவிட்டாலும், வரும் ஞாயிறு அஸருக்குப் பின் பழைய மருந்துச் சீட்டுகளோடு அலுவலகத்துக்கு வாருங்கள். ரத்தம் எடுக்க ஆள் வருகிறார். கூடவே வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வாருங்கள்.