சுருக்கெழுத்து முதல் மென்பொருள் வரை

(புனேயில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

குழந்தைகளின் நாட்டியத்துக்கும் இரவு உணவுக்கும் நடுவே பேச நிற்பவன் நெடுநேரம் பேசுதல் ஆகாது என்பதை நான் நன்கு அறிவேன். ஆயினும், செயற்குழுவினர் எனக்கு அளித்த பொருள் சிறியதன்று. 'மென்பொருள் தொழிலின் இன்றைய நிலை' பற்றிப் பேசுக என்றார்கள். நம் காலனியில் கணினி வேலை பார்க்கும் ஒருவரேனும் இல்லாத வீடு அரிது. ஆகவே, இது ஏதோ ஒரு தொழிலின் கதையன்று. நம் அடுப்பில் உலை கொதிப்பதன் கதை.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல இசைவு தருக. பெருமைக்காகச் சொல்லவில்லை, பேச வந்த பொருளுக்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று. 1956-ஆம் ஆண்டில், கும்பகோணத்துத் தட்டச்சுப் பள்ளி ஒன்றில் பெற்ற இரண்டு சான்றிதழ்களோடும் ஒரு தகரப் பெட்டியோடும் அவர் பம்பாய்க்கு வந்து இறங்கினார். ஒரு நிமிடத்துக்கு 45 சொல் தட்டச்சு; 120 சொல் சுருக்கெழுத்து. இவையே அவருடைய முதல். அக்காலத்தில் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் அலுவலகம் தோறும் தமிழ்நாட்டுச் சுருக்கெழுத்தாளர் இருந்தனர். நம்மில் பலருடைய குடும்பங்கள் வடக்கே வேர் ஊன்றியது அந்த விரல்களின் வேகத்தினாலேதான்.

ஆனால், அந்த வேகம் எண்ணத் தக்கதாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எண்ணி வாங்கக்கூடிய எதுவும், ஒருநாள் அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கத்தான் செய்யும். ஒருவர் போனால் அதே வேகமுள்ள இன்னொருவர் வருவார். பின்னர்க் கணினி வந்தது. அதிகாரிகள் தம் கடிதங்களைத் தாமே அடிக்கத் தொடங்கினார்கள். 1955-இல் நம் நாட்டிலேயே தட்டச்சுப் பொறியைச் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனமும் பிற்காலத்தில் அத்தொழிலை நிறுத்திற்று. ஒரு தலைமுறைக்குச் சோறிட்ட தொழில், ஓசையின்றி மறைந்தது.

என் தந்தையார் வேலையில் நிலைத்தார். எப்படி நிலைத்தார்? தாம் அடித்த கடிதங்களை அவர் படிக்கவும் செய்தார். எந்த வணிகர் எப்போது பணம் தருவார், எந்த வழக்கு எக்காரணத்தால் தோன்றியது என்பனவெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. வேகத்துக்கு மாற்று கிடைத்தது. அந்த நினைவுக்கு மாற்று கிடைக்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அவரைப் போலவே பொருளுணர்ந்து உழைத்த நண்பர் சிலர் வேலை இழந்தார்கள். திறமை உடையவனுக்குத் தீங்கு நேராது என்று நான் சொல்ல வரவில்லை.

இனி, நம் காலத்துத் தொழிலுக்கு வருவோம். 1968-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தோன்றிற்று. 1974-இல், பரோஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்துக்கு அது இங்கிருந்து மென்பொருள் வேலை செய்து கொடுத்தது. 1978-இல் ஐ.பி.எம். நம் நாட்டை விட்டு வெளியேறிற்று. 1981-இல், இதே புனே நகரில், பதினாயிரம் ரூபாய் முதலோடு எழுவர் கூடி இன்போசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1945-இல் நம் மராட்டிய மாநிலத்து அமல்னேரில் சமையல் எண்ணெய் செய்யத் தோன்றிய விப்ரோவும் கணினித் துறைக்கு வந்தது. 1985-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் நிலையம் அமைத்துச் செயற்கைக்கோள் வழியே வேலையை அனுப்பலாயிற்று. 1991-இல் அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களை நிறுவிற்று. பிறகு 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் வந்தது. ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிய பழைய நிரல்களையெல்லாம் திருத்த உலகம் ஆட்களைத் தேடிற்று. நம்மிடம் ஆட்கள் இருந்தார்கள்.

'அவுட்சோர்ஸிங்' என்று வழங்கும் அயற்பணி ஒப்படைப்பு இவ்வாறு வளர்ந்தது. நாஸ்காம் அமைப்பின் கணக்குப்படி 2024-25-இல் இத்துறையின் வருவாய் ஏறத்தாழ 28,000 கோடி டாலர். பணிபுரிவோர் ஏறத்தாழ 58 லட்சம் பேர். சிற்றூரில் பிறந்த பெண் ஒருத்தி, தந்தையின் ஓய்வூதியத்தை விடப் பெரிய ஊதியத்தைத் தன் முதல் மாதத்திலேயே பெற்ற காட்சியை நாம் கண்டிருக்கிறோம். இந்த நன்மையை மறந்து பேசுவது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால், நாம் எதை விற்றோம்? பெரும்பாலும் நேரத்தை விற்றோம். இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு மணிக்கு இத்தனை டாலர் என்று விலைப்பட்டியல் எழுதினோம். எங்கும் ஒரே முறை, ஒரே படிவம், ஒரே சான்றிதழ். எவரை எங்கே வைத்தாலும் வேலை நடக்க வேண்டும் என்பதே மேலாண்மையின் வெற்றியாகக் கருதப்பட்டது. எவரையும் எங்கும் மாற்றி வைக்கலாம் என்றால் அதற்குப் பெயர் பண்டம். அரிசியை மூட்டைக் கணக்கில் வாங்குபவன் எந்த வயலில் விளைந்தது என்று கேட்பதில்லை, விலையைத்தான் கேட்பான்.

2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிக்கலஸ் கார் என்ற அமெரிக்கர் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இரயிலும் மின்சாரமும் எல்லார்க்கும் பொதுவாகிவிட்டபின் எந்த வணிகருக்கும் தனிச் சிறப்புத் தராதது போலவே, தகவல் தொழில்நுட்பமும் தனிச் சிறப்புத் தராத பொதுப்பொருளாகிவிடும் என்பது அவர் வாதம். அன்று பலர் சினந்தனர். கருவிகளைப் பொறுத்தவரை அவர் கூற்றில் உண்மை உண்டு. ஒருகாலத்தில் தனி அறை கட்டிக் காத்த கணிப்பொறியை இன்று மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆனால், அக்கருவியைக் கொண்டு எதைச் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்ற அறிவு மூட்டையில் கட்டி விற்கும் பொருளாகிவிடவில்லை. அதை நான் கற்ற இடம் ஒன்று உண்டு.

1998-இல், அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே இருபது ஆண்டுகளாகப் பிரிமியக் கணக்கு நிரல்களை எழுதிவந்த ஒருவரிடம் ஆறு வாரம் அமர்ந்து, அவர் வேலையை நான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் கற்று முடித்ததும் அவருக்கு அங்கே வேலை இராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்மீது ஒருநாளும் சினங்கொள்ளவில்லை. கடைசி நாளன்று தம் கைப்பட எழுதிய குறிப்பேடு ஒன்றை எனக்கு அளித்தார். "நிரல்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றன, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பது இதில்தான் இருக்கிறது" என்றார்.

அந்தக் குறிப்பேடு பதினைந்து ஆண்டுகள் என்னைக் காத்தது. பின்னர் அதே வேலை, என்னிடமிருந்து குறைந்த ஊதியம் பெறும் ஓர் இளைஞர் குழுவுக்குச் சென்றது. குறிப்பேட்டை அவர்களிடம் கொடுத்தேன். நல்ல பிள்ளைகள், அறிவுடையவர்கள். ஆனால், அதைப் படிக்க அவர்களுக்கு நேரம் தரப்படவில்லை. வாடிக்கையாளரிடம் கணக்குக் காட்டும் நேரப் பட்டியலில் 'படித்தல்' என்று ஒரு பத்தி இல்லை. பண்டமாதல் என்பது என்னவென்று எனக்கு அன்றுதான் முற்றும் விளங்கிற்று. உழைப்பவன் அறிவில்லாதவன் ஆவதில்லை. அறிந்துகொள்வதற்கு அவனுக்கு நேரம் மறுக்கப்படுகிறது.

அயல்நாட்டார் வேலையை நாம் பறித்தோம் என்று சிலர் பழிப்பர். நாம் செய்வது கடைநிலை வேலை என்று நம்மவரே சிலர் இழித்துரைப்பர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. விலையை நாடி வேலை நகர்கிறது. அன்று அவரிடமிருந்து என்னிடம் வந்தது. பின்பு என்னிடமிருந்து சென்றது. இப்போது மனிதரையே விட்டு நகரப் பார்க்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இன்று நிரல் எழுதும் பொறிகள் பல. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒரு நாளில் எழுதுவதை அவை நொடிப்பொழுதில் எழுதித் தருகின்றன. 2025-இல் நம் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமே தன் ஊழியரில் நூற்றுக்கு இருவரை, ஏறத்தாழ 12,000 பேரை, விலக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பட்டதாரியின் ஊதியமோ பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் ரூபாய் அளவிலேயே நிற்கிறது. விலைவாசி நிற்கவில்லை.

வரலாறு நமக்குச் சற்று ஆறுதல் கூறும். 1957-இல் ஃபோர்ட்ரான் மொழி வந்தது. அதனை அடுத்துக் கோபால் மொழி வந்தது. எந்திரக் குறியீடுகளால் எழுதிவந்த வேலையைப் பலமடங்கு எளிதாக்கின. நிரல் எழுதுவோர்க்கு இனி வேலை இராது என்று அஞ்சியவர் உண்டு. நடந்ததோ வேறு. எழுதுவது எளிதானதும், எழுதவேண்டியவை பெருகின, ஆட்களும் பெருகினர். இம்முறையும் அவ்வாறே நடக்கலாம். ஆயினும், தொழில் பிழைப்பது வேறு. அத்தொழிலில் இருக்கும் ஓர் இளைஞன் பிழைப்பது வேறு. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டவேண்டியவனிடம் போய், இருபது ஆண்டில் எல்லாம் சரியாகும் என்று சொல்லுவது அறிவுடைமையாகுமா?

ஆகவே, இளந்தோழர்களுக்கு இரண்டு சொற்கள். முதலாவது, நிரலைக் கற்பதோடு நில்லாதீர்கள். அந்நிரல் பணிசெய்யும் துறையைக் கற்றுக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுதுபவர் வங்கியைக் கற்க வேண்டும்; மருத்துவமனைக்கு எழுதுபவர் அங்கே மருந்துச் சீட்டு எப்படி நடக்கிறது என்பதைச் சென்று பார்க்க வேண்டும். பொறி எழுதித் தந்தது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டுமே! துறையை அறியாதவர் அத்தீர்ப்பைச் சொல்ல இயலாது.

இரண்டாவது, நம் மக்களுக்குத் தேவையானவற்றைச் செய்யத் துணியுங்கள். 1980-களின் நடுவில் தில்லியில் தொடங்கிய இரயில் முன்பதிவு முறையை உருவாக்கியது நம் சி.எம்.சி. நிறுவனம். நம் கடைத்தெருவின் கணக்கை எழுதும் டாலி 1986-இல் பெங்களூரில் தோன்றியது. 1996-இல் தொடங்கி இன்று ஜோஹோ என்று வழங்கும் நிறுவனம், தென்காசியை அடுத்த சிற்றூரில் அமர்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில் 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடி முறைக்கு மேல் பணம் கைமாறிற்று. இவற்றை ஆக்கியோர் மணிக்கணக்கை மட்டும் விற்றிருந்தால் இவை தோன்றியிரா.

இனி, பெற்றோர்க்கு ஒரு சொல். இதற்காகவே இன்று பேச ஒப்புக்கொண்டேன். நான் அறிந்த குடும்பம் ஒன்று. மகன் வேலை இழந்தான். வீட்டில் சொல்ல நாணினான். மூன்று மாதம், நாள்தோறும் காலையில் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையும் தொங்க, வழக்கம்போலப் புறப்பட்டான். நூலகத்தில் அமர்ந்திருந்து மாலையில் திரும்பினான். தங்கையின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. செய்தி வெளிவந்தால் இடம் தவறிப்போகுமோ என்று அஞ்சினான். அந்தச் சோற்றை அவன் எப்படி உண்டிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

அவனை விலக்கிய நிறுவனம் அவனை ஒரு பண்டமாகக் கருதிற்று. அது சந்தையின் இயல்பு. ஆனால், வீடும் காலனியும் சங்கமும் அவனை எவ்வாறு கருதின? சம்பளத்தைச் சொல்லி மாப்பிள்ளைக்கு மதிப்பிடுகிறோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி மகனை அறிமுகம் செய்கிறோம். விலைப்பட்டியலை நாமே வீட்டுக்குள் மாட்டி வைத்துவிட்டுச் சந்தையைக் குறை கூறுவதில் பொருளில்லை.

எனவே, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். வேலை இழந்த உறுப்பினர் குடும்பத்துக்குப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையேனும் கடனாகத் தர ஒரு நிதி தொடங்குவோம். கேட்பவர் பெயர் செயலாளரையும் பொருளாளரையும் தவிர எவர்க்கும் தெரிதல் ஆகாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்கியிலும் தொழிற்சாலையிலும் இரயில்வேயிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் தங்கள் துறையை இளைஞர்க்கு எடுத்துரைக்கட்டும். அவர்களிடமும் எழுதப்படாத குறிப்பேடுகள் உண்டு. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. இந்த மண்டபமும் சில நாற்காலிகளும் போதும். நிதிக்கு என் பங்கை இன்றே பொருளாளரிடம் அளிக்கிறேன்.

தகரப் பெட்டியோடு வந்தவர்களை அன்று மாதுங்காவிலும் தாதரிலும் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்க வைத்து, வேலை கிடைக்கும் வரை சோறிட்டவர்கள் நம் முன்னோர். வேலை இல்லாதவனைக் கண்டு அவர்கள் முகம் சுளிக்கவில்லை. தாங்களும் அவ்வாறு வந்தவர்களே என்பதை நினைவில் வைத்திருந்தார்கள். அந்த நினைவு நம்மிடமும் நிலைக்கட்டும்.