கோல் கணக்கில் வராத பெயர்

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து ஆடிய ஒரகடம் தம்பிகளே!

இந்த மேடையில் கோப்பையை வாங்கிய அணியின் பெயரைச் சொன்னோம். கோல் போட்டவர் பெயரையும் சொன்னோம். அந்த அணியைப் பழக்கிய அண்ணன் பெயரை யாராவது சொன்னோமா? ஆகவே இன்று ஒரு பயிற்சியாளரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சைமன் சுந்தரராஜ். தஞ்சாவூர்க்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் இருந்தவர். பிரான்சை 1-1 என்று மடக்கிய அணி அது! அதற்குப் பிறகு இன்றுவரை நம் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் கால் வைத்ததில்லை.

ஆட்டத்தை விட்டவர் ஆட்டக்காரர்களை உருவாக்க வந்தார். தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை அதுவரை ஒருமுறைகூடத் தொடாத கேரள அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 1973, எர்ணாகுளம், மகாராஜாஸ் கல்லூரி மைதானம். இறுதி ஆட்டத்தில் எதிரே ரயில்வே. 3-2 என்று கேரளா வென்றது! மூன்று கோலும் அணித் தலைவர் மணி போட்டவை. கேரளம் அவரை இன்றும் 'கேப்டன் மணி' என்றே சொல்கிறது. ஆனால், பயிற்சி கொடுத்த நம் தஞ்சாவூர்க்காரரைத் தஞ்சாவூரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மணி யார் தெரியுமா? ஃபேக்ட் உரத் தொழிற்சாலை அணிக்காரர். அன்று கேரளத்தைக் கலக்கிய இன்னொரு அணி, களமசேரி பிரீமியர் டயர்ஸ். அந்த ஆலை இன்று அப்போலோ டயர்ஸ் கையில். அதே அப்போலோ நம் ஒரகடத்திலும் டயர் செய்கிறது! தொழிற்சாலை வாசலிலிருந்து கால்பந்து பிறந்த கதை நமக்கு அந்நியமல்ல. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் ஐ.சி.எஃப். அணியைக் கேளுங்கள், சொல்லும்.

சைமனைப் போலவே எகிப்தில் மஹ்மூத் எல்-கோஹரி என்று ஒருவர் இருந்தார். 1959-இல் ஆட்டக்காரராக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றார். 1998-இல் பயிற்சியாளராக அதே கோப்பையை வென்றார். இரண்டு விதமாகவும் வென்ற முதல் மனிதர். இடையில் முப்பத்தொன்பது வருஷம்! நல்ல ஆட்டக்காரனுக்கு ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது.

தம்பிகளே, ஒருநாள் முழங்கால் போதும் என்று சொல்லும். அன்றைக்கு பூட்ஸைக் கழற்றுங்கள், விசிலை எடுங்கள். எழிச்சூரிலும் மாத்தூரிலும் வல்லத்திலும் பள்ளிப் பிள்ளைகள் பந்தோடு நிற்கிறார்கள்.

நிர்வாகத்தாரே, உங்களிடம் கேட்பது இரண்டே. பிள்ளைகளுக்கு ஒரு மைதானம். பயிற்சி கொடுக்கிறவருக்கு வாரத்தில் இரண்டு மாலை ஷிஃப்ட் விலக்கு. அடுத்த வருஷம் இதே மேடையில் கோப்பையை முதலில் பயிற்சியாளர் கையில் கொடுப்போம்.