மூலம் என்று முடிவு கட்டுமுன்



மலத்தோடு ரத்தம் போனால் நம் வீடுகளில் முதல் பழி உடம்புச் சூட்டின் மேல்தான். "வெயில்ல வண்டியிலேயே சுத்துறான், சூடு புடிச்சுக்கிச்சு" என்று மோர் கரைத்துக் கொடுப்பார்கள். நிற்காவிட்டால் மூலம் என்று முடிவாகிவிடும். துத்தி இலையை வதக்கித் தருவார்கள். கருணைக்கிழங்கு மசியல் வாராவாரம் நடக்கும். இப்படியே ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவேதான் இருக்கும். ஆனால் எது மூலம், எது மலக்குடல் புற்று என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

ஐம்பதைத் தாண்டியவர்களின் நோய் என்றிருந்த பெருங்குடல், மலக்குடல் புற்று இப்போது முப்பதுகளில் இருப்பவர்களையும் பிடிக்கிறது. 'பிளாக் பேந்தர்' படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் 2020இல் இதற்குப் பலியானபோது அவருக்கு வயது 43. அமெரிக்காவில் 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு பார்க்கும்போது, 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு மலக்குடல் புற்று வரும் அபாயம் 4 மடங்கு. அதனால்தான் அங்கே பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டில் மொத்தத்தில் இந்நோய் குறைவுதான். வருகிறவர்களில் இளையவர்களின் பங்கோ அதிகம்.

ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. உடல் பருமன், நாள் முழுக்க நாற்காலி, கீரையும் காயும் குறைந்த தட்டு, பதப்படுத்திய இறைச்சி எல்லாமே காரணப் பட்டியலில் இருக்கின்றன. சிறுவயதிலேயே குடலில் சிலவகை பாக்டீரியா விடும் நச்சு மரபணுவில் தழும்பை விட்டுப்போகிறது என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. இன்னொன்றைப் புதுச்சேரியில் இருந்துகொண்டு பேசாமல் விடக் கூடாது. மது குடலிலும் புற்றை வரவழைக்கும். பிராந்தி, பீர், சாராயம் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

இளம் பெண்களுக்கு ஆபத்து வேறு வழியில் ஒளிந்துகொள்கிறது. ரத்தசோகை என்றால் மாதவிலக்குதான் காரணம் என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோம். குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் குடலையும் பார்க்க வேண்டும்.

முதல் பரிசோதனைக்கு இயந்திரமே வேண்டாம். மருத்துவர் கையுறை மாட்டி, ஜெல்லி தடவிய விரலை ஆசனவாய்க்குள் விட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. மலக்குடலில் வரும் கட்டிகளில் பல அந்த விரலுக்கே தட்டுப்படும். நம் கூச்சம் ஒரு பக்கம், கூட்டத்தில் மருத்துவருக்கு இருக்கும் அவசரம் ஒரு பக்கம். அந்த ஒரு நிமிடம் நடக்காமலே மூல மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. அடுத்தது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது. முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்வதுதான் அதில் சிரமம். பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி தென்பட்டால், புற்றாக மாறும் முன்பே அப்போதே கம்பி வளையத்தால் வெட்டி எடுத்துவிடலாம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்போ, எது முந்தி வருகிறதோ அப்போதே நீங்கள் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு 30 வயதிலிருந்து அரசே பரிசோதனை செய்கிறது. குடல் அந்தத் திட்டத்தில் இல்லை. அதனால் உங்களை யாரும் தேடிவந்து கூப்பிட மாட்டார்கள், நாமேதான் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்துக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். புதுச்சேரிக்காரர்களான நமக்கோ அது பக்கத்தில்தான் இருக்கிறது.

ரத்தம் போகிறதா, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருக்கிறதா, காரணமில்லாமல் எடை இறங்குகிறதா, இந்த வாரமே போங்கள். உள்ளே பார்க்காமல் மூலம் என்று சீட்டு எழுதினால் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், ஒரு தடவை உள்ளே பார்த்துச் சொல்லுங்க."