கடைமடை வரை பாயும் நோக்கம்

(அறக்கட்டளை விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கணினித் துறையில் பணிபுரியும் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் உள்ளனர். என்ன வேலை என்று பெற்றோர் வினவினால், "எங்கள் குழு இந்த வார ஸ்பிரிண்டை முடிக்கிறது" என்று விடை வரும். அவ்வேலையால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்று அடுத்து வினவினால், பலரும் மௌனமாகி விடுகின்றனர். அந்த மௌனத்தைப் பற்றியே பேச விழைகிறேன்.

ஏரி நிறைந்திருப்பதால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. மதகு திறந்து, வாய்க்கால் வழியே கடைமடை வயலுக்கும் நீர் சென்று சேர வேண்டும். பெருநிறுவனத்தின் வணிக நோக்கம் ஏரி நீர் போன்றது. சிறு குழுவின் அன்றாட வேலை கடைமடை வயல் போன்றது. இடையிலுள்ள வாய்க்கால் தூர்ந்துபோனால், ஏரியும் வயலும் இருந்தும் விளைச்சல் இல்லை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி, 'அஜைல்' எனப்படும் கொள்கை அறிக்கையை உருவாக்கினர். நெடுங்காலம் திட்டமிட்டு இறுதியில் ஒரேயடியாக ஒப்படைப்பதை விடுத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறுபகுதியாகச் செய்து காட்டி, பயன்படுத்துவோர் கருத்தை அறிந்து திருத்திக்கொண்டே செல்வது அதன் சாரம். ஒரு குழுவுக்கு இஃது எளிது. முந்நூறு குழுக்கள் இருப்பின் ஒவ்வொன்றும் விரைந்தோடும். எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியை எதிர்கொண்ட நிறுவனங்களுள் நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கியும் ஒன்று. 2015-ஆம் ஆண்டில் அவ்வங்கி, ஏறத்தாழ 3,500 பேர் பணியாற்றிய தன் தலைமையகத்தைக் கலைத்து அமைத்தது. ஒன்பது பேர் அளவிலான ஏறத்தாழ 350 சிறு குழுக்களும், அவற்றை ஒருங்கிணைக்கும் 13 பெருங்குழுக்களும் தோன்றின. பணியாளர்கள் தத்தம் பதவியை விட்டு மீண்டும் விண்ணப்பிக்க நேர்ந்தது. எனவே, இம்மாற்றம் பலருடைய வாழ்வைத் தொட்ட ஒன்று என்பதை மறத்தல் ஆகாது.

அங்கே வாய்க்கால் எவ்வாறு வெட்டப்பட்டது? ஒவ்வொரு சிறு குழுவும் தன் வேலையின் நோக்கத்தையும், அதனால் வாடிக்கையாளர் பெறும் பயனை அளக்கும் முறையையும் எழுதி வைக்க வேண்டும். எவ்வேலை முதலில் என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு, குழுவின் மேலதிகாரியாக அல்லாமல் குழுவினுள்ளேயே இருக்கும் ஒருவருக்கு உரியது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெருங்குழுவும், தான் சாதித்தது யாது, கற்றது யாது, அடுத்து எய்த விரும்புவது யாது, அதற்கு எக்குழுவின் துணை தேவை என்பவற்றை எழுதும். அந்த ஏட்டை மற்றப் பெருங்குழுக்கள் அனைத்தும் படிக்கலாம்.

ஆயினும் ஏரி உவமை ஓரிடத்தில் பொருந்தாது. பாய்ந்த நீர் ஏரிக்குத் திரும்புவதில்லை. நிறுவனத்திலோ கடைமடையின் செய்தி மேலே திரும்பியாக வேண்டும். கிளைக்கு வராமலே மக்கள் கைபேசியில் கணக்குத் தொடங்க வேண்டும் என்பது ஒரு வங்கியின் நோக்கம் என வைத்துக்கொள்வோம். அடையாளச் சான்றைப் படமெடுக்கும் பக்கத்திலேயே பலர் பாதியில் விலகுவதைச் சிறு குழு காண்கிறது. இருபது வேலைகள் முடிந்தன என்ற எண்ணிக்கை மட்டும் மேலே சென்றால் தலைமை மகிழும்; கணக்குகள் பெருகமாட்டா. விலகலின் செய்தி மேலே சென்றால் திட்டமே திருந்தும்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த 'ஹோஷின் கன்ரி' என்னும் முறை இதனைப் பந்து எறிந்து பிடித்தலுக்கு ஒப்பிடுகிறது. மேலோர் நோக்கத்தை எறிவர். கீழோர் அதைப் பிடித்து, இயன்றதும் இயலாததும் கூறித் திருப்பி எறிவர். இரு தரப்பும் இசையும் வரை இது தொடரும். கட்டளையாக மட்டும் இறங்கும் நோக்கம் ஏட்டில் நிற்கும். உரையாடி ஏற்ற நோக்கமே செயலாகும்.

நிறுவனம் நடத்தும் பெரியோர்களே, உங்கள் நோக்கத்தைக் கடைசிப் பணியாளர் தம் சொற்களில் கூற இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். இயலாதெனில், அவரைக் குறை கூறுமுன் வாய்க்காலைத் தூர் வாருங்கள்.

இளைஞர்களே, ஒரு வேலை உங்கள் கைக்கு வரும்போது, அது யாருக்குப் பயன்படும், பயன்பட்டதை எவ்வாறு அறிவோம் என்னும் இரு வினாக்களைத் தயங்காமல் எழுப்புங்கள். பணிவோடு கேட்கும் வினா எதிர்ப்பு ஆகாது. பயனற்ற வேலையில் கழியும் ஆண்டுகளை எந்த ஊதியமும் ஈடு செய்யாது.

பெற்றோர்களே, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், வேலையின் பயனையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். விடை சொல்லிப் பழகிய பிள்ளை, அலுவலகத்திலும் அவ்வினாவைத் துணிந்து எழுப்பும்.