மாணவர் வாழ்வும் மாணவர் ஏடும்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறையின் காலம். இக்கழகம் தோன்றிய நாளில் சிலேட்டுப் பலகையோடு பள்ளிக்குச் சென்ற சிறுவர் சிறுமியர் இன்று தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். இந்த நன்னாளில் பள்ளி மாணவர் நடத்தும் ஏடுகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு எனப் பேச வேண்டிய பெரிய செய்திகள் பல இருக்க, ஏட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு மாணவன் பள்ளியில் இருந்தான் என்பதற்கு வருகைப் பதிவேடு சான்று. அங்கே அவன் என்ன எண்ணினான், எதற்கு அஞ்சினான், எதைக் கண்டு மகிழ்ந்தான் என்பதற்கு அவன் எழுதிய எழுத்தன்றி வேறு சான்று ஏது?

நம் முன்னோருள் ஒருவர் அத்தகைய சான்றை விட்டுச் சென்றுள்ளார். இரட்டைமலை சீனிவாசனார் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் தாம் பயின்ற நாள்களை நினைவுகூர்கின்றார். அப்பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர். பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பிராமணர். தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்றஞ்சி, அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை. வெளியே ஓரிடத்தில் தனித்திருந்து படித்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார்.

இளைஞர்களே, அந்தச் சிறுவனை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தன் வீடு எங்கே உள்ளது என்று சொல்ல அஞ்சிய அவர்தாம் 1893ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சென்னையில் ஓர் ஏடு தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லால் தம்மை இழிவுபடுத்துவர் என்று அஞ்சினாரோ, அதே சொல்லை ஏட்டின் நெற்றியில் பொறித்தார். நான்கு பக்கம், விலை இரண்டணா. இராயப்பேட்டையில் இரண்டே நாளில் நானூறு படிகள் விற்றன என்று அவரே எழுதியுள்ளார். 1900ஆம் ஆண்டு வரை அவ்வேடு நடந்தது. பின்னர் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் அவரே.

அதே 1893ஆம் ஆண்டில் நம் வத்தலக்குண்டைச் சேர்ந்த பி. ஆர். ராஜமய்யர் 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' என்னும் நாவலை எழுதத் தொடங்கினார். அவ்வூரின் பெயர் இதழ் வரலாற்றில் அத்துடன் நிற்கவில்லை. 'மணிக்கொடி'யைச் சிறுகதை ஏடாக நடத்திய பி. எஸ். ராமையாவும், 1959இல் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டோடு தொடர்புடையவர்களே. சிற்றூரில் வளர்ந்தோர் பெரிய ஏடு நடத்த இயலாது என்று எவரேனும் சொன்னால், இந்த வட்டாரத்தை எடுத்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் படிப்பு தலைமுறைச் சொத்து. நமக்கு அது போராடிப் பெற்ற பொருள். ஆகவே நாம் அதை இன்னும் கருத்தாகப் பயன்படுத்த வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் மறையும் வரை இடையறாது எழுதினார். மாணவர் விடுதியையும் ஏட்டையும் ஒன்றாக இணைத்துக் கண்டவர் அண்ணல் அம்பேத்கர். அவருடைய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925இல் சோலாப்பூரில் விடுதி ஒன்றைத் திறந்தது. சபையின் துணையோடு மாணவர்கள் 'சரஸ்வதி விலாஸ்' என்னும் ஏட்டை நடத்தினர். தங்க இடமும் உண்ண உணவும் தந்தால் மட்டும் போதாது, பேச ஓர் இடமும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். புனித மரியன்னை பள்ளி, டட்லி பள்ளி போன்ற பழைய பள்ளிகளைக் கொண்ட நகரம் இது. சுற்றுப்புறத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் பேருந்திலும் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் இங்கு வந்து பயின்றனர். அந்நாளில் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு மலர் வெளிவரும். தலைமையாசிரியர் அறிக்கை, குழுப் புகைப்படம், தேர்ச்சி விழுக்காடு, பரிசு பெற்றோர் பட்டியல், பின்னர்த் தமிழ்ப் பகுதி, ஆங்கிலப் பகுதி என்பது அதன் அமைப்பு. 'காலத்தின் அருமை', 'வைகை அணைக்கு நாங்கள் சென்ற சுற்றுலா' போன்ற கட்டுரைகள் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும்.

நான் பயின்ற பள்ளியின் மலரிலும் விடுதி மாணவர்களாகிய எங்கள் பெயர்கள் வந்தன. உதவித்தொகை பெற்றோர் பட்டியலில் ஒரு முறை, ஓட்டப்பந்தயத்தில் வென்றோர் பட்டியலில் ஒரு முறை. கட்டுரைப் பகுதியில் மட்டும் அப்பெயர்களைக் காண இயலாது. பள்ளியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பல ஊர்களில் அதுவே நிலை.

ஆதலால் விடுதியிலே ஒரு கையெழுத்து ஏடு தொடங்கினோம். அச்சுக்குப் பணம் ஏது? முழுத்தாள்களை வாங்கி இரண்டாக மடித்து, நல்ல கையெழுத்துடைய இருவர் எழுத, ஓவியம் அறிந்தவர் அட்டை வரைய, நூலால் தைத்து முடித்தோம். ஒரே ஒரு படி. அது கைக்குக் கை சென்றது. கடைசிப் பக்கங்கள் படித்தோர் கருத்தெழுத ஒதுக்கப்பட்டன.

அதில் வந்த ஒரு கட்டுரையை மட்டும் சொல்கிறேன். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுதியது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பதும், மயிரும் சதையும் களைவதும், ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் பதப்படுத்துவதும் எவ்வாறு என்று தந்தையிடம் கேட்டு வரிசையாக எழுதியிருந்தான். அறிவியல் ஆசிரியர் அதனை வாங்கிச் சென்று, சுண்ணாம்பின் இயல்பைப் பற்றிய பாடத்தில் வகுப்பார்க்குப் படித்துக் காட்டினார். தந்தையின் தொழிலை அதுவரை யாரிடமும் சொல்லாதிருந்த மாணவன் அவன். அன்று முதல் அவனிடம் ஐயம் கேட்க மற்ற மாணவர் வரலாயினர். இழிவென்று ஒதுக்கிய தொழிலுக்குள் எத்தனை வேதியியல் அடங்கியிருந்தது!

எனினும் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். எல்லா இடத்திலும் அத்தகைய ஆசிரியர் இருப்பார் என்று சொல்ல இயலாது. தந்தையின் தொழிலைச் சொல்வது சாதியைச் சொல்வதாகவும், சாதியைச் சொல்வது ஏளனத்தை வரவேற்பதாகவும் முடியும் இடங்கள் இன்றும் உள்ளன. ஆகவே எந்த மாணவனையும் மாணவியையும் தன் வீட்டைப் பற்றி எழுதுமாறு வற்புறுத்தலாகாது. பெயர் இடுவதா, புனைபெயர் இடுவதா என்பதை எழுதியவரே முடிவு செய்தல் வேண்டும். சீனிவாசனார் தம் ஏட்டுக்கு அப்பெயரைத் தாமே தேர்ந்தெடுத்தார். பிறர் நம்மீது சுமத்தும் பெயர் வேறு, நாமே துணிந்து ஏற்கும் பெயர் வேறு.

1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தன. மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற எண்ணம் வலுத்து, பல மாணவர்க்கு எழுத்து என்பது விடைத்தாளோடு நின்றுவிட்டது. தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் இதழ்களை அரசுப் பள்ளி மாணவர்க்கெனத் தொடங்கியது வரவேற்கத் தக்கது. ஆயினும் மாநிலம் முழுமைக்குமான ஓர் இதழில் ஒவ்வொரு சிற்றூரும் பேசிவிட இயலாது. நம் ஏட்டை நாமே நடத்த வேண்டும்.

கழகத்தாருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, நம் மாலைநேரப் படிப்பு மையங்கள் ஒவ்வொன்றும் மூன்று திங்களுக்கு ஒரு கையெழுத்து ஏடு நடத்தட்டும். அதன் ஆசிரியர் குழுவில் பாதியேனும் மாணவியர் இருத்தல் வேண்டும். பிற நூலிலிருந்து பார்த்தெழுதிய கட்டுரைகளை ஏற்க வேண்டா. பூட்டுத் தொழில், சின்னாளபட்டியின் தறி, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, பாட்டியார் பாடும் நடவுப் பாட்டு என நேரில் கண்டும் கேட்டும் எழுதட்டும்.

இரண்டாவது, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை ஆண்டுக்கொரு முறை கழகம் அச்சிடட்டும். முதன்முதலாகத் தன் பெயரை அச்சில் காணும் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு ஈடு வேறில்லை.

மூன்றாவது, எல்லாவற்றினும் முதன்மையானது: ஒவ்வோர் ஏட்டின் படியையும் காத்து வையுங்கள். 'பறையன்' இதழ்களின் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. 'தமிழன்' இதழ்களோ, அன்பர்கள் வீட்டுப் பெட்டிகளில் போற்றிக் காத்தமையால் பிழைத்தன. அவற்றிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே, அப்பெருமகனாரின் எழுத்தைத் தமிழுலகம் முழுமையாகக் காண முடிந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் அவ்வெழுத்து காத்திருந்தது. நாங்கள் விடுதியில் தைத்த ஏட்டின் ஒரே படி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இனி அவ்வாறு நேரலாகாது. கழக நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களைப் பற்றிப் பிறர் எழுதிய அறிக்கைகள் அரசு அலுவலகங்களில் கட்டுக் கட்டாக உள்ளன. உங்களைப் பற்றி நீங்கள் எழுதியவை எத்தனை? கழகத்தின் பொன்விழா நாளில் இங்கே பேச வருகின்றவர், அந்த அலமாரியைத் திறந்து உங்கள் எழுத்தை எடுத்துக் காட்டிப் பேசட்டும். அதற்கான முதல் தாளை இந்த வாரமே மடியுங்கள்.