மதரசாவும் கல்லூரியும்: இடையே எழுந்த சுவர்



இசுலாமியக் கல்விக்கும் மேலைநாட்டுக் கல்விக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளீர்கள். நமது வெள்ளி விழாவில் இத்தலைப்பு எதற்கு என்ற வினா சிலர் முகத்தில் தெரிகிறது. ஒரு சமூகம் தன் கையிலிருந்த கல்வியின் பயனை இழந்தது. இழந்ததை மீட்க இருவேறு வழிகளில் முயன்றது. அம்முயற்சியில் யாரை உள்ளே சேர்த்தது, யாரை வாயிலில் நிறுத்தியது என்பதே நாம் இன்று பார்க்கவிருப்பது. வாயிலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நாம் இதனைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

மதரசா என்றால் ஓதுமிடம், கல்லூரி என்றால் உலகக் கல்வி என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். இப்பிரிவு தொன்றுதொட்டு வந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் பிரங்கி மகாலைச் சேர்ந்த முல்லா நிசாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம் 'தர்சே நிசாமி' எனப்படும். அதில் அரபு இலக்கணம், தருக்கம், மெய்யியல், கணிதம், சட்டம் அனைத்தும் இருந்தன. திருக்குர்ஆன் விளக்கத்துக்கும் நபிமொழிக்கும் வைத்த நூல்களைவிடத் தருக்க நூல்களே மிகுதி. காரணம் எளிது. அங்குப் படித்தவர் நீதி வழங்கவும் அரசுப் பணி பார்க்கவும் சென்றனர். கணக்கர் குடியினரான காயஸ்தர்களும் பாரசீகம் கற்க மக்தபுகளுக்குச் சென்றனர். அரசு மொழி அதுவாக இருந்தமையால்! வாரன் ஹேஸ்டிங்சு 1780இல் கல்கத்தாவில் ஒரு மதரசாவைத் தொடங்கியதும் பக்தியினால் அன்று. கம்பெனியின் நீதிமன்றங்களுக்கு இசுலாமியச் சட்டம் அறிந்த அலுவலர் தேவைப்பட்டனர்.

1835இல் அரசின் கல்விப் பணம் ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியது. 1837இல் பாரசீகம் அரசு மொழி என்னும் இடத்தை இழந்தது. சோறு போட்ட கல்வி சோறு போடாத கல்வியாயிற்று. உத்தியோகம் போன பிறகு மதரசாவுக்கு எஞ்சியது மார்க்கம் ஒன்றே. 'சமயக் கல்வி', 'உலகக் கல்வி' என்று நாம் இன்று காணும் சுவர் இவ்வாறு எழுந்தது.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. பாரசீகம் கோலோச்சிய நாளில் நம் முன்னோருக்கு அதில் பங்கில்லை. மேட்டுக்குடி முசுலிம்களுக்கு வாயிலை அடைத்த அதே மாற்றம், பாதிரிமார் பள்ளி வழியாகவும் படைப்பிரிவுப் பள்ளி வழியாகவும் நமக்கு ஒரு சிறு திட்டிவாயிலைத் திறந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி படைப்பள்ளி ஆசிரியர் என்பதை இளைஞர் அறிவர். எனவே ஆங்கிலக் கல்வியை அடிமைக் கல்வி என்று ஒருவர் சாடும்போது, அவர் எந்தப் படியில் நின்று பேசுகிறார் என்று பார்ப்பது நல்லது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்பு இரு நிலையங்கள் பிறந்தன. 1866இல் தேவ்பந்து மதரசா. 1875இல் சர் சையது அகமது கான் அலிகாரில் தொடங்கிய பள்ளி. அடுத்த இரண்டாண்டில் அது கல்லூரியாயிற்று. முன்னது மேலைக் கல்வியை விலக்கியது, பின்னது அணைத்தது என்று பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும். உண்மை அவ்வளவு நேரானதன்று. தேவ்பந்தை நிறுவியவர்களுள் ஒருவரான மௌலானா காசிம் நானோத்தவியின் ஆசிரியர் மம்லூக் அலி, ஆங்கிலேயர் நடத்திய தில்லிக் கல்லூரியில் பணியாற்றியவர். வகுப்பு முறை, வருகைப் பதிவு, ஆண்டுத் தேர்வு, நூலகம் ஆகியவற்றைத் தேவ்பந்து அக்கல்லூரி போன்ற இடங்களைப் பார்த்தே அமைத்துக் கொண்டது. பாடம் பழையது, பள்ளி நடத்தும் முறை புதியது! அலிகாரிலோ பாடம் புதியது. ஆயினும் தொழுகையும் சமயப் பாடமும் கட்டாயம். அங்கே இந்து மாணவரும் பயின்றனர்.

பணம் திரட்டிய விதத்தை நம் சங்கத்தார் ஊன்றி நோக்க வேண்டும். அரசின் கொடையையும் செல்வரின் நிலையான வருவாயையும் நம்பாமல், எளிய மக்கள் தரும் சிறு நன்கொடையிலேயே மதரசா நடக்க வேண்டும் என்று நானோத்தவி விதி எழுதி வைத்தார். மாணவர்க்குக் கட்டணமில்லை; உணவும் இடமும் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை அங்கே போய்ச் சேர முடிந்தது. அலிகாரோ குடிப்பிறப்பும் செல்வமும் உள்ளவரின் பிள்ளைகளை முன்னிறுத்தியது. 1887இல் லக்னோவில் சர் சையது ஆற்றிய உரை ஒன்றுண்டு. தாழ்ந்த குலத்தில் பிறந்தவன் பி.ஏ. பட்டமோ எம்.ஏ. பட்டமோ பெற்றாலும், உயர்குடியினர்மீது அதிகாரம் செலுத்துவதை அவர்கள் பொறுப்பார்களா என்று அதில் கேட்டார். பி.ஏ. பட்டத்தோடு தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்துள்ள நம்மைப் பார்த்தே கேட்டது போலிருக்கிறது! அவருடைய தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அறிவியல் நூல்களை உருதுவில் ஆக்க 1864இல் ஒரு கழகமே கண்டவர் அவர். ஆனால் புதிய கல்வி வந்தாலே பழைய ஏற்றத்தாழ்வு தானே போய்விடும் என்று நம்புவோர் அவ்வுரையை ஒருமுறை படிக்கட்டும். தேவ்பந்து வழிவந்த அறிஞர் சிலரும் திருமணப் பொருத்தத்தில் குலம் பார்ப்பதை ஆதரித்தே எழுதினர்.

பெண்களின் நிலை இன்னும் பின்தங்கியது. சர் சையது பெண்களுக்குப் பள்ளி காணவில்லை. 1906இல் சேக் அப்துல்லாவும் அவர் துணைவியார் வகீது சகான் பேகமும் அலிகாரில் பெண்பள்ளி தொடங்கினர். 1911இல் ரொக்கையா சகாவத் உசேன் கல்கத்தாவில் பள்ளி நடத்தி, வீடு வீடாகச் சென்று பெண்பிள்ளைகளை அழைத்துவர வேண்டியிருந்தது.

நம் மாநிலத்திலும் இவ்விரு வழிகளும் அருகருகே உள்ளன. வேலூரில் பாக்கியாத்துச் சாலிகாத்து அரபுக் கல்லூரி. சிறிது தொலைவில், வாணியம்பாடியில், 1919இல் தோன்றிய இசுலாமியாக் கல்லூரி. அவ்வட்டாரத்து முசுலிம் வணிகரின் செல்வம் தோல் வணிகத்தில் விளைந்தது. அவ்வூர்களின் தோல் பதனிடும் கூடங்களில் சுண்ணாம்பு நீரில் கை வெந்து உழைத்தவர்களுள் நம் மக்கள் மிகப் பலர். அச்செல்வத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கு அளித்த வணிகரைப் பாராட்டுகிறோம். உழைத்த கைகளின் கணக்கையும் அதே ஏட்டில் எழுதிவைக்க விரும்புகிறோம்.

இன்றைய நிலைக்கு வருவோம். முசுலிம் பிள்ளைகள் எல்லாரும் மதரசாவில் இருப்பதாக ஒரு பேச்சு உலவுகிறது. 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை, முழுநேரமாக மதரசாவில் பயில்வோர் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரே என்றது. உத்தரப் பிரதேச மதரசாக் கல்விச் சட்டம் 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் உச்சநீதிமன்றத்தால் பெரும்பகுதி காக்கப்பட்டது. சிறுபான்மையினர் தம் பள்ளியை நடத்தலாம். அரசு அங்கே கல்வித் தரத்தை வலியுறுத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம். உயர்பட்டங்களை வழங்கும் அதிகாரம் மட்டும் ஏற்கப்படவில்லை. இது தக்க தீர்ப்பென்றே நாம் கருதுகிறோம். தம் பள்ளியைத் தாமே நடத்தும் உரிமை பறிபோனால், நம்முடையது போன்ற சங்கங்களும் நாளை கைகட்டி நிற்க நேரும். அந்தப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் இல்லையென்றால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

பெரும்பாலான ஏழை முசுலிம் பிள்ளைகள் விடியலில் மக்தபில் ஓதிவிட்டு, ஒன்பது மணிக்குப் புத்தகப் பையோடு அரசுப் பள்ளிக்கு வருகின்றனர். நம் பிள்ளைகள் அமரும் அதே பலகையில் அமர்ந்து, அதே சத்துணவை உண்டு, அதே கணக்கில் தடுமாறுகின்றனர். நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்புக்கு அப்பிள்ளைகளையும் அழைக்கலாமா என்பதை அடுத்த பொதுக்குழுவில் வைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.